பழம்பொருட்களின் கூடத்தில் இன்றைய கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்றுக்குள் போகிறீர்கள். நாலாயிரம் ஐயாயிரம் வருடப் பழைய பளிங்கு உருவத்துக்கு நாலடி தள்ளி, இப்போது உயிரோடு இருக்கும் ஒருவர் போன வருடம் செய்த பொருள் நிற்கிறது. இது எதற்கு, யார் அனுமதித்தார்கள், பழசுக்குக் கெடுதல் வராதா என்ற கேள்விகள் உடனே எழும். ஏதென்ஸ் நகரமும் ஏஜியன் கடல் தீவுகளும் கடந்த பத்தாண்டுக்கும் மேலாக இந்த முயற்சியை விடாமல் செய்துவருகின்றன. அதனால் பெரும்பாலான உதாரணங்களை அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

இது எந்த மாதிரிக் காட்சி? நவீன ஓவியக் கூடம்தான் பல மியூசியங்களில் இருக்கிறதே?

தனிக் கூடம் வேறு. சென்னை எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகள் ஒரு கட்டடத்தில், ஓவியங்கள் இன்னொரு கட்டடத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றோடு பேசுவதில்லை. இங்கே சொல்வது இரண்டையும் ஒரே அறையில், சில சமயம் ஒரே கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது. எந்தப் பழைய பொருளைப் பக்கத்தில் வைப்பது என்பதைக் கலைஞரே தேர்ந்தெடுப்பதும் உண்டு. அப்படித் தேடும்போது, கிடங்கில் பல வருடம் வெளிச்சம் படாமல் கிடந்த துண்டுகள் வெளியே வருகின்றன. இந்தக் காட்சிகளால் எனக்குத் தெரிந்த முதல் லாபம் அதுதான்.

முதலில் செய்தது யார்?

"முதலில்" என்று ஒருவரைக் கைகாட்டுவது கஷ்டம். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் ஒரு காட்சி உண்டு. 1992இல் பால்டிமோரில் உள்ள மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் மியூசியத்துக்குள் ஃபிரெட் வில்சன் என்ற கலைஞரை அழைத்தார்கள். அவர் புதிதாகச் சிலை எதையும் செதுக்கவில்லை. அவர்களுடைய கிடங்கிலிருந்தே பொருட்களை எடுத்து மாற்றி வைத்தார். ஒரு பேழையில் பூவேலை செய்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். அவற்றுக்கு நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. மேலே ஒரே சீட்டு: "உலோக வேலை, 1793–1880". இரண்டுமே உலோகவேலைதான், இரண்டுமே அதே காலம், அதே ஊர். அந்த வெள்ளியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அது அகழாய்வுப் பொருட்களின் மியூசியம் இல்லை என்றாலும், பக்கத்தில் வைப்பதே ஒரு வாதம் என்பதை அது எல்லா மியூசியங்களுக்கும் காட்டிவிட்டது.

ஏன் ஏதென்ஸ்?

அங்கே சைக்ளாடிக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கிரேக்கக் கப்பல் முதலாளிக் குடும்பமான கூலாண்ட்ரிஸ் தம்பதியின் சேகரிப்புக்காக 1986இல் திறந்தது. டெலோஸ் தீவைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் சைக்ளாடிஸ் தீவுகளில், பொது சகாப்தத்துக்கு முன் மூன்றாம் ஆயிரமாண்டில் செதுக்கிய பளிங்கு உருவங்கள்தான் அதன் உயிர். பெரும்பாலும் பெண் உருவம். கைகள் வயிற்றின் மேல் மடித்திருக்கும். முகத்தில் மூக்கு மட்டும் எழும்பி நிற்கும். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் தானாக நிற்காது.

இந்த மியூசியம் 2016இல் சீனக் கலைஞர் அய் வெய்வெய், 2017இல் சை ட்வாம்ப்ளி, 2019இல் பிக்காசோ, 2024இல் சிண்டி ஷெர்மன், 2025இல் மார்லின் டூமா என்று வரிசையாக இக்காலக் கலையைத் தன் கூரைக்குள் கொண்டுவந்தது. ட்வாம்ப்ளி, பிக்காசோ காட்சிகளில் அவர்களின் வேலைகளும் பழைய கிரேக்கப் பொருட்களும் ஜோடி ஜோடியாக நின்றன. அந்தக் காலத்தில் அங்கே இயக்குநராக இருந்த தொல்லியலாளர் நிக்கோலாஸ் ஸ்தாம்போலிதிஸ் 2021இல், அதே ஊரின் கோயில் குன்றான அக்ரோபோலிஸின் பொருட்களை வைத்திருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தார். அதன்பின் அங்கேயும் இக்காலக் கலை நுழைந்தது. அகழாய்வுக் குழியில் வேலை பார்த்த ஒருவர் இதை முன்னின்று நடத்தியது முக்கியம் என்று நினைக்கிறேன். கலைச்சந்தைக்காரர்கள் மட்டும் தள்ளியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பழைய சிலையும் புதுச் சிலையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. அதற்காகத்தானே பக்கத்தில் வைக்கிறார்கள்?

அதற்காக மட்டும் என்றால் வைக்காமல் இருப்பதே நல்லது. இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சைக்ளாடிக் உருவங்களைப் பார்த்த ஐரோப்பிய அறிஞர்கள் பலர் அவை கரடுமுரடானவை, அழகற்றவை என்று ஒதுக்கினார்கள். பிறகு பிரான்குஷி, மொதிலியானி, ஹென்றி மூர் போன்ற இருபதாம் நூற்றாண்டுச் சிற்பிகள் வந்தார்கள். அவர்கள் செதுக்கிய வழவழப்பான, விவரம் குறைத்த முகங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்தத் தீவு உருவங்கள் திடீரென்று "நவீனமாக" தெரிந்தன. எல்லாரும் புகழ்ந்தார்கள். சேகரிப்பாளர்கள் விலை ஏற்றினார்கள். விலை ஏற ஏற, 1950களிலும் 60களிலும் தீவுகளின் கல்லறைகளை இரவோடு இரவாகத் தோண்டிச் சூறையாடினார்கள். கேரோஸ் என்ற சின்னத் தீவிலிருந்து குவியல் குவியலாக உடைந்த துண்டுகள் வெளிநாடு போயின. டேவிட் கில், கிறிஸ்டோபர் சிப்பிண்டேல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1993இல் கணக்கெடுத்துச் சொன்னபோது, உலகில் அறியப்பட்ட சைக்ளாடிக் உருவங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு எந்தக் குழியிலிருந்து வந்தது என்ற விவரமே கிடையாது. எந்தக் கல்லறை, பக்கத்தில் என்ன இருந்தது, ஆணின் கல்லறையா பெண்ணின் கல்லறையா, எல்லாம் போய்விட்டது. பளிங்கு மட்டும் மிஞ்சியது. எஞ்சியதில் போலிகள் எத்தனை என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த வெள்ளை வெறுமை உண்மையே இல்லை. இந்த உருவங்களுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். கண், முடி, கழுத்தணி, கன்னத்தில் சிவப்புப் புள்ளிகளும் கோடுகளும். அசூரைட் என்ற கனிமத்திலிருந்து நீலம், சின்னபார் எனும் இங்குலிகத்திலிருந்து சிவப்பு. புறஊதா ஒளியில் பார்த்தால் வண்ணம் இருந்த இடம் இன்றும் தெரியும். நவீனக் கலைஞர்கள் மயங்கிய அந்தத் துறவு முகம், மண்ணும் காலமும் கழுவிவிட்ட முகம்.

ஆக, "பாருங்கள், எவ்வளவு ஒற்றுமை!" என்று இரண்டையும் அருகருகே வைப்பது, பழைய தவறான வாசிப்பைத் திரும்பவும் மாட்டிவைப்பதுதான். புதிய வேலை என் கண்ணைப் பழைய பொருளிடம் திருப்பி அனுப்ப வேண்டும்: இது எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது, எதை இழந்துவிட்டு இங்கே நிற்கிறது என்று கேட்கவைக்க வேண்டும். அதைச் செய்யாத ஜோடி, ஜோடியே இல்லை.

பழம்பானையைப் போட்டு உடைத்தவரையே மியூசியத்துக்குள் விட்டார்களாமே?

ஆமாம், அய் வெய்வெய். 1995இல் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழைய, சீன ஹான் வம்சக் காலத்துச் சாடியைக் கையிலிருந்து நழுவவிட்டு, மூன்று புகைப்படங்களாக ஆக்கியவர். முதல் படத்தில் சாடி கையில், இரண்டாவதில் அந்தரத்தில், மூன்றாவதில் தரையில் துண்டு துண்டாக. தொல்லியல் மேல் மதிப்புள்ள யாருக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரியும், எனக்கும் எரிகிறது. கலாசாரப் புரட்சியின்போது "பழையன ஒழிக" என்று அரசே தூண்டி, கோயில்களும் சிலைகளும் நொறுங்கிய நாட்டில் வளர்ந்தவர் அவர் என்பது அந்தப் படத்தின் பொருளை விளக்குகிறது. ஆனால் அந்த விளக்கம் உடைந்த சாடியைத் திருப்பித் தராது.

2016இல் சைக்ளாடிக் மியூசியத்தில் அவர் வைத்த பளிங்குச் சிலை ஒன்று, அந்தத் தீவு உருவங்களின் நேர்நிலையையும், சாடியை விட்டபின் அவர் நின்ற தோரணையையும் ஒன்றாக்கியது. பாதுகாக்கப்பட்ட பொருட்களின் நடுவே உடைத்த கையின் நினைவு. ஆனால் அந்தக் காட்சியில் மனதைப் பிடித்தது வேறு: பளிங்கில் செதுக்கிய, காற்றடைத்த மிதவை வளையம். அந்த வருடம் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் மக்கள் ரப்பர் படகுகளில் ஏறி லெஸ்போஸ் தீவில் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். அவரும் அங்கேயே போய் வேலை செய்துகொண்டிருந்தார். பளிங்கு மிதக்காது. அதே ஏஜியன் கடலில் ஐயாயிரம் வருடத்துக்கு முன் படகில் தீவு தீவாகப் போனவர்கள் செதுக்கிய பளிங்கு மாடியில் இருக்கிறது. கடல் ஒன்று, கல் ஒன்று, நடுவில் மனிதர்கள்.

புதுப் பொருள் பக்கத்தில் இருந்தால் பழையதற்குக் கெடுதல் வராதா?

வரும், கவனிக்காவிட்டால். தொட்டு உடைப்பதைவிட நைசாக வரும் ஆபத்து காற்றில் இருக்கிறது. கம்பளித் துணியிலிருந்து கந்தகச் சேர்மங்கள் கசிந்து வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஓக் மரமும் ஒட்டுப்பலகையும் அமில ஆவி விட்டு ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். சில பிளாஸ்டிக்குகள் குளோரின் கலந்த அமிலத்தை வெளியிடும். பழைய வெண்கலத்துக்கு அதைவிடப் பகை வேறில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் உருவாக்கியதால் ஆடி சோதனை என்றே பெயர். கண்ணாடிக் குப்பியில் அந்தப் புதுப் பொருளின் சின்னத் துணுக்கைப் போடுவார்கள். கூடவே நகக்கண் அளவில் வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகள், ஈரத்துக்குச் சிறிது தண்ணீர். காற்று புகாமல் மூடி 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். திறந்து பார்க்கும்போது தகடுகள் பளபளப்பாகவே இருந்தால் அந்தப் பொருள் பேழைக்குள் போகலாம். செம்பு பச்சை பிடித்திருந்தால், கலைஞர் எவ்வளவு பெரியவரானாலும் அது பேழைக்கு வெளியேதான். மரம், துணி, வைக்கோல், உணவுப் பொட்டலம் போன்றவற்றில் பூச்சி இருக்கக்கூடும் என்பதால் உறைபெட்டியில் சில நாள் வைத்தெடுத்து உள்ளே விடுவதும் வழக்கம்.

மற்றபடி எடை, அதிர்வு, வெப்பம் விடும் விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பழைய சுவரில் ஆணி அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிரீஸில் அனுமதி தருவது யார்?

2002ஆம் ஆண்டின் 3028ஆம் எண் சட்டப்படி (இப்போது அது 2021ஆம் ஆண்டின் 4858ஆம் எண் சட்டத் தொகுப்பில் இருக்கிறது) பழம்பொருட்களும் தொல்லியல் இடங்களும் அரசின் காப்பில் உள்ளன. கலாசார அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்லும் மத்தியத் தொல்லியல் மன்றம் பார்த்துச் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். அவர்கள் எளிதில் தலையாட்டுவதில்லை. 2017இல் குச்சி என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் அக்ரோபோலிஸ் மேல் ஆடை அணிவகுப்பு நடத்தக் கேட்டபோது, அந்த இடத்தின் தன்மைக்குப் பொருந்தாது என்று மறுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து டெலோஸ் தீவில் பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் சிற்பங்கள் நிற்கச் சம்மதித்தார்கள். இரண்டு முடிவுமே சரி என்பது என் எண்ணம்.

டெலோஸில் என்ன நடந்தது?

டெலோஸ், அப்பல்லோ தெய்வம் பிறந்ததாகக் கிரேக்கர்கள் நம்பிய தீவு. பக்கத்துத் தீவான மைக்கோனோஸிலிருந்து படகில் அரைமணி நேரம். 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முழுத் தீவும் அகழாய்வு இடம். காவலர்களும் தொல்லியலாளர்களும் தவிர யாரும் தங்குவதில்லை. 2019 மே முதல் அக்டோபர் வரை கோர்ம்லியின் 29 சிற்பங்கள் அங்கே நின்றன. அவற்றில் 5 இந்தத் தீவுக்கென்றே செய்தவை. கடலோரப் பாறையில் ஒன்று, கிந்தோஸ் குன்றின் உச்சியில் ஒன்று, இடிந்த வீடுகளின் தூண்களுக்கு நடுவே சில.

கோர்ம்லி கேம்பிரிட்ஜில் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிப் பௌத்தத் தியானம் பயின்றவர். பெரும்பாலும் தன் உடலையே அச்சாகக் கொண்டு வார்ப்பவர். அந்த உடல் டெலோஸில் நிற்பதற்கு ஒரு தனிக் கனம் இருந்தது. பொது சகாப்தத்துக்கு முன் 426இல் ஏதென்ஸ்காரர்கள் இந்தத் தீவைத் "தூய்மை" செய்தார்கள். கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எதிர்த்தீவான ரெனியாவுக்கு மாற்றிவிட்டு, இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். நிறைமாதக்காரிகளையும் மரணப் படுக்கையில் இருந்தவர்களையும் படகேற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். மனித உடலை வெளியே தள்ளிய புனித நிலத்தில், முகமில்லாத சாதாரண உடல் ஒன்று திரும்பி வந்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சுற்றுலா வந்த ஆளா சிற்பமா என்று தெரியாது. கிட்டே போனால் துரு. கடவுளர்களையும் பணக்காரர்களையும் செதுக்கிய தீவில் இப்படி ஒருவன் குறைவாகத்தான் இருந்தான்.

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்? அதில் உள்நோக்கம் இருக்காதா?

டெலோஸ் காட்சியை உள்ளூர்த் தொல்லியல் அலுவலகத்தோடு சேர்ந்து நடத்தியது நியான் என்ற அமைப்பு. பெரும் சேகரிப்பாளரான டிமிட்ரிஸ் தஸ்கலோபூலோஸ் 2013இல் தொடங்கியது. உங்கள் சந்தேகம் நியாயமானது. பழம்பெரும் இடத்தில் காட்சி வைத்தால் அந்தக் கலைஞரின் மதிப்பு ஏறும். அவர் வேலைகளைக் கையில் வைத்திருப்பவருக்கும் ஏறும். தஸ்கலோபூலோஸ் 2022இல் தன் சேகரிப்பிலிருந்து 350க்கும் மேற்பட்ட படைப்புகளை நாலு பொது மியூசியங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாப் புரவலரும் அப்படிக் கொடுப்பதில்லை. காட்சிக்குப் பணம் தந்தவரிடம் அந்தக் கலைஞரின் வேலைகள் எத்தனை இருக்கின்றன என்பதை மியூசியம் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்கினால் பாதி வம்பு தீரும்.

ஒரே ஒரு உதாரணம் பார்த்தால் போதும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மைக்கேல் ராக்கோவிட்ஸ். தயங்காமல் சொல்வேன்.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் பாக்தாத்துக்குள் நுழைந்தபோது ஈராக் தேசிய அருங்காட்சியகத்தில் கொள்ளை நடந்தது. ஏறத்தாழ 15,000 பொருட்கள் போயின. சில ஆயிரம் திரும்பக் கிடைத்தன. மீதி இன்றும் இல்லை. ராக்கோவிட்ஸ் அமெரிக்காவில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா பாட்டி 1940களில் பாக்தாத்தை விட்டு வந்த யூதர்கள். 2007 முதல் காணாமல்போன பொருட்களை ஒவ்வொன்றாக, அதே அளவில், திரும்பச் செய்துவருகிறார். கல்லிலும் களிமண்ணிலும் இல்லை. மேற்காசிய மளிகைக் கடைகளில் கிடைக்கும் பேரீச்சம்பழப் பொட்டலம், தேயிலை டப்பா, சூப் உறை, அரபிச் செய்தித்தாள், பசை. இவ்வளவுதான்.

கிட்டே நின்று பாருங்கள். சுமேரிய வழிபாட்டாளன் கைகூப்பி நிற்கிறான். கண் பெரிதாக விழித்திருக்கிறது. தாடியின் சுருளில் ஏதோ பிஸ்கட் பெயரின் அரபி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கியின் மடிப்பு சிவப்பும் மஞ்சளுமான பேரீச்சம்பழப் படம். கீழே சீட்டில் அசலின் மியூசியம் எண்ணும் அளவும், அதோடு ஒரு தொல்லியலாளரோ அதிகாரியோ அந்தக் கொள்ளையைப் பற்றிச் சொன்ன வாசகமும்.

ஏன் உணவுப் பொட்டலம்? ஈராக் மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தின் தொடர்ச்சியாக, பாக்தாத்தில் காய்ச்சிய பேரீச்சம்பழப் பாகு எல்லை தாண்டிச் சிரியாவில் டப்பாவில் அடைபட்டு, லெபனான் போய், லெபனான் சரக்கு என்ற பெயரோடு அமெரிக்கக் கடைக்கு வந்துகொண்டிருந்தது. புரூக்ளினில் ஒரு கடையில் ராக்கோவிட்ஸுக்கு இது தெரியவந்தது. சொந்த ஊரின் பெயரை மறைத்துக்கொண்டு எல்லை தாண்டிய பாகு. கிடைத்த இடத்தின் பெயர் அழிந்து எல்லை தாண்டிய சிலை. திருட்டுச் சிலைகளும் இதே வழியில்தான் காகிதம் மாற்றிப் பயணம் செய்கின்றன.

2018இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் காலியான நாலாவது பீடத்தில், 2015இல் ஐஎஸ் அமைப்பினர் நினிவே நகர வாயிலில் உடைத்த இறக்கை முளைத்த காளையான லமாசுவை 10,500 பேரீச்சம்பாகு டப்பாக்களால் எழுப்பினார். நிம்ருத்தில் அசுர்நசிர்பால் அரண்மனையின் சுவர்ச் சிற்பங்களையும் செய்துவருகிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. 2015இல் உடைபட்ட பலகைகளை மட்டும் பொட்டலத்தாளில் நிரப்புகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்கள் அறுத்தெடுத்துப் போன இடங்களை வெறுமையாக விட்டுவிடுகிறார். ஐஎஸ் அழித்ததும் மியூசியங்கள் கொண்டுபோனதும் ஒரே சுவரில் தெரிகின்றன.

2025இல் இவருடைய வேலைகள் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் பழைய பொருட்களோடு சேர்ந்து நின்றன. அந்தக் கட்டடமே வெறுமையைக் காட்சிக்கு வைத்த இடம். அக்ரோபோலிஸ் குன்றின் பார்த்தெனான் கோயிலிலிருந்து எல்கின் பிரபு லண்டனுக்குக் கொண்டுபோன சிற்பங்களின் இடத்தில் சுண்ண வார்ப்புகள் இருக்கின்றன. பெண் உருவத் தூண்களின் வரிசையில் ஒருத்தியின் இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. ராக்கோவிட்ஸை வைக்க இதைவிடப் பொருத்தமான கூரை உலகில் இல்லை.

தோற்றுப்போன முயற்சிகள் உண்டா?

உண்டு. 2008இல் பிரிட்டிஷ் மியூசியம் தன் கூடங்களில் சில இக்காலச் சிற்பங்களை வைத்தது. மார்க் க்வின் செய்த, யோகாசனத்தில் முறுக்கி உட்கார்ந்த ஃபேஷன் மாடல் கேட் மாஸின் தங்கச்சிலை, 50 கிலோ தங்கம், கடற்கன்னியர் சிலைகள் கொண்ட நெரீட் நினைவகத்தின் கூடத்தில் இருந்தது. நனைந்த துணி உடலோடு ஒட்டிப் பறக்கும் அந்தக் கடற்கன்னியர் கிரேக்கச் சிற்பத்தின் உச்சங்களில் ஒன்று. பக்கத்தில் தங்கம் மின்னினால் யார் அவர்களைப் பார்ப்பார்கள்? கிரேக்கர்களும் தெய்வத்துக்குத் தங்கம் போர்த்தியவர்கள்தான் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொருத்தம் அறிவில் இருந்தது, கூடத்தில் இல்லை.

இன்னும் சிக்கலானது பெர்லின். 2003 மே மாதம், ஹங்கேரியக் கலைஞர் இருவர் தாங்கள் வார்த்த தலையில்லா வெண்கலப் பெண் உடலின் மேல், அந்த நகரத்து எகிப்திய மியூசியத்தில் இருக்கும் எகிப்து அரசி நெஃபர்தீத்தியின் அசல் சிலைத் தலையையே சில மணி நேரம் பொருத்திப் படம் பிடித்தார்கள். மியூசியமே அனுமதித்தது. எகிப்து அரசு கொதித்தது. 1912இல் தோண்டியெடுத்துக் கொண்டுபோன தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் நாட்டிடம் கேட்காமல் அதற்கு உடம்பு பொருத்தினால் கோபம் வரத்தானே செய்யும். பக்கத்தில் வைப்பதற்கும் மேலே ஏற்றுவதற்கும் உள்ள எல்லையை அங்கே தாண்டிவிட்டார்கள். அசலை மூலப்பொருளாகத் தொடக் கூடாது; இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

எது பழசு எது புதுசு என்று குழம்பிவிடாதா?

நல்ல காட்சியில் ஒரு நொடி குழம்பும். சீட்டைப் படித்தால் தெளியும். சீட்டே இல்லாமல் குழப்புவது ஏமாற்று.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றால்?

பழைய பொருளைப் பாருங்கள். அது உங்களுக்குப் புதிதாகத் தெரிந்தால் பக்கத்திலிருப்பது தன் வேலையைச் செய்துவிட்டது.

சோழர் கால நடராசர் பக்கத்தில் இப்படி ஒரு நவீனச் சிற்பத்தை வைக்கலாமா?

சைக்ளாடிக் உருவத்தைக் கும்பிட்டவர்கள் இன்று இல்லை. நடராசரைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எழும்பூர் வெண்கலக் கூடத்தில் கைகூப்பி நிற்பவர்களை இன்றும் பார்க்கலாம். தவிர, எத்தனையோ சிலைகள் கோயிலிலிருந்து திருடுபோய்க் கடல் கடந்தவை. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014இல்தான் திரும்பினார். அந்தச் சிலைக்குப் பக்கத்தில் ஒன்று வைப்பதானால் முதலில் கேட்க வேண்டியது அந்த ஊர்க்காரர்களை. அவர்கள் சம்மதித்து, அவர்களோடு சேர்ந்து ஒரு கலைஞர், வெறும் பீடத்தையும் காலியான கருவறையையும் பற்றி வேலை செய்தால், அதைப் பார்க்க நான் ராத்திரி பஸ் பிடித்துப் போவேன்.

நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி ஏதாவது?

2012இல் முதல் கொச்சி முசிறி பினாலே என்ற கலைவிழாவில் கலைஞர் விவான் சுந்தரம் செய்த வேலை. யவனர் கலங்கள் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" (கறி என்றால் மிளகு) என்று அகநானூறு சொல்லும் முசிறித் துறைமுகம் எது என்ற தேடலில், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. தோண்டத் தோண்டப் பானை ஓடுகள். ஆய்வு முடிந்து ஒதுக்கிய அந்த ஓடுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி, ஆஸ்பின்வால் மாளிகையின் தரையில் ஒரு நகரமாகவே பரப்பினார் சுந்தரம். தெருக்கள், மேடுகள், சுவர்கள், எல்லாம் ஓடு. அந்த நகரத்தில் வெள்ளம் புகுந்து மிளகு மிதக்கும் காட்சியை வீடியோவாக எடுத்து உடன் காட்டினார். பெயர் "கறுப்புத் தங்கம்". எண்ணிட்டுப் பையில் கட்டிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத ஓடுகள்தான் எந்த அகழாய்விலும் மிக அதிகம். முழுப் பானை பேழைக்குப் போகும். ஓடு கிடங்குக்குப் போகும். அந்த ஓட்டுக்கு ஒரு கூடம் கிடைத்தது.

கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. "குவிரன் ஆதன்" என்று தமிழியில் தன் பெயரைக் கீறிய ஓடு அங்கிருந்து கிடைத்ததுதான். அதே வட்டாரத்தில் இன்றும் சக்கரம் சுற்றும் குயவர்கள் இருக்கிறார்கள். கருப்பு சிவப்புப் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும் முறையைத் தெரிந்த ஒருவரையும் ஒரு இளம் சிற்பியையும் சேர்த்து, ஒரு வருடம் கிடங்கைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். பெரிய செலவில்லை.

ஏதென்ஸ் போனால் எந்த வரிசையில் பார்ப்பது?

சைக்ளாடிக் மியூசியத்தில் முதலில் நிரந்தரக் கூடத்துக்குப் போங்கள். தற்காலிகக் காட்சியைப் பிறகு பாருங்கள். ஒவ்வொரு சீட்டிலும் காலத்தைவிடக் "கிடைத்த இடம்" என்ற வரியை முதலில் படியுங்கள். தீவின் பெயர், கல்லறை எண் வரை இருந்தால் அது முறையாகத் தோண்டியது. அந்த வரியே இல்லாவிட்டால் மேலே சொன்ன கதைதான். புதிய காட்சியைப் பார்த்து முடித்ததும் வெளியே போகும் முன் நிரந்தரக் கூடத்துக்கு மறுபடி ஒரு பத்து நிமிடம். அக்ரோபோலிஸ் மியூசியத்துக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் கண் எதையும் வாங்காது. டெலோஸுக்குப் போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் நிழல் குறைவு, ராத்தங்கல் கிடையாது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.